அப்பா ஓட்டாத ரீல்

கடைசி பஸ்ஸுக்காகப் படத்தை வெட்டுகிற தியேட்டரில் படம் பார்த்தவர்கள் யாராவது மிச்சம் இருக்கிறீர்களா? இருந்தால் உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். செல்போனில் படம் பார்க்கிற பிள்ளைகளிடம் சொன்னால், அப்படியெல்லாமா செய்வார்கள் என்று கேட்கிறார்கள். செய்தார்கள். எங்கள் ஊரில் செய்தது என் அப்பா.

அன்னூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன தியேட்டரில் அவர் ஆபரேட்டர். எங்கள் சனத்தில் காட்டு வேலைக்குப் போகாமல் மெஷின் வேலைக்குப் போன முதல் ஆள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சாயங்கால ஆட்டம் முடிவதற்கும் கடைசி பஸ் கிளம்புவதற்கும் நடுவே கொஞ்ச நேரம்தான் இருக்கும். படம் நீளமாக இருந்தால் பஸ் போய்விடும். பஸ் போய்விட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் மறுநாள் வரமாட்டார்கள். அதனால் முதலாளி சொல்லிவிட்டார், எந்தப் படமானாலும் ஒரு ரீலை விட்டுவிட வேண்டும் என்று. எந்த ரீல் என்பது அப்பாவின் இஷ்டம்.

சண்டையை விட்டால் நாற்காலியை உடைப்பார்கள். பாட்டை விட்டால் கேபினுக்கே ஏறி வந்துவிடுவார்கள். காமெடியைத் தொடவே முடியாது. அப்பா ஒவ்வொரு படத்திலும் அழுகை ரீலை எடுத்து வைத்துவிடுவார். "அழுவற ரீல்ல கதை நகராதுங்க. செத்தாச்சு, அவ்வளவுதான். பொறவு என்னத்துக்கு அழுதுட்டே கெடக்கறது?" என்று முதலாளியிடம் விளக்கம் வேறு சொல்வார். முதலாளிக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஆக, எங்கள் தியேட்டரில் ஓடிய எந்தப் படத்திலும் பெண்கள் அழுததில்லை. பிள்ளை செத்துப்போகும். அடுத்த நிமிஷம் தாய்க்காரி கோர்ட்டில் வாதாடிக்கொண்டு இருப்பாள். புருஷனைப் பாடையில் தூக்குவார்கள். அடுத்த காட்சியில் அவள் தையல் மெஷின் மிதித்துக்கொண்டு இருப்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. கடலைக்காய் பறித்துவிட்டு, அழுவதற்கென்றே முந்தானையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வருகிற பெண்களுக்கு இது பெரிய ஏமாற்றம். இடைவேளையில் அப்பாவைப் பிடித்துக்கொள்வார்கள்.

"ஏனுங்க, பெத்த புள்ள செத்துக் கெடக்குது, அவ ஒரு சொட்டுக் கண்ணீர் உடலீங்களே?"

"அவ அப்புடித்தானுங்க அம்மிணி. நெஞ்சழுத்தக்காரி," என்பார் அப்பா, கூசாமல். ரீல் கேபினில் தகர டப்பாவுக்குள் இருக்கும். பழி அந்தக் கதாபாத்திரத்தின் தலையில் விழும்.

அப்பாவுக்கு அழுகையே ஆகாது. வீட்டில் நானோ அக்காவோ மூக்கை உறிஞ்சினால் கையை ஓங்குவார். "அழுவறதப் பாத்தா ஏறி மிதிப்பானுக" என்பார். யார் என்று சொல்லமாட்டார். கூலிக்கு இருந்த தோட்டத்தில் அவருடைய அப்பா யார் யார் முன்னால் நின்று அழுதார் என்பதை, பிற்பாடு அரைகுறையாகக் கேள்விப்பட்டேன். அதனால் அப்பாவின் மேல் எனக்கு முழுக் கோபம் கொள்ள முடியவில்லை. முக்கால் கோபம் உண்டு.

எனக்கு அப்போது பதின்மூன்று. அக்காவுக்குப் பத்தொன்பது. அக்கா தையல் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, காரமடை அத்தையின் மூத்த மகன். அப்பாவின் கூடப் பிறந்த தங்கை அந்த அத்தை. மூத்தவர் கோயமுத்தூரில் லேத் பட்டறையில் வேலை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் மாத நாவல் வாங்கி, படித்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்காவிடம் கொடுப்பார். அக்கா அதை முதலில் மூக்கில் வைத்து மோந்து பார்ப்பாள். மசகெண்ணெய் வாசம் அடிக்கும். அதில் அவளுக்கு என்ன கிறுக்கோ.

அந்த நாவல்களில் ஒரு துப்பறியும் ஆள் வருவான். பிணத்துக்குப் பக்கத்தில் நின்று டீ குடிப்பான். நெஞ்சில் சாய்ந்து அழுகிற பெண்ணை ஒரு விரலால் நகர்த்திவிட்டு வாட்சைப் பார்ப்பான். எங்கள் மாதா கோயில் நூலகத்தில் இருந்த, வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிகள் கதையிலும் இதே கூத்துதான். நெருப்பில் நிறுத்தினாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். அக்கா எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சொல்வாள்: "பாரு கண்ணு, ஆம்பள அழாம நின்னா வீரன். சாகப்போறவங்க அழாம நின்னா புனிதர். பொம்பள நின்னா மட்டும் கொள்ளிவாய்ப் பிசாசு." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரித்தாளே தவிர அதை அனுபவிக்கப்போவது தானே என்று அவளுக்குத் தெரியாது.

அக்கா படம் பார்ப்பது சாயங்கால ஆட்டத்தில், அம்மாவோடு. நான் பார்ப்பது காலையில், தனியாக. அது எப்படி என்று கேளுங்கள். அப்பாவுக்குக் காலைச் சோறு கொண்டுபோவது என் வேலை. அந்த நேரத்தில் அவர் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, விளக்குக்குக் கார்பன் குச்சி மாட்டி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார். கோளாறு இருந்தால் பிலிம் கீறிப்போகும், அறுந்தும் போகும். அதனால் எந்த ரீல் போனாலும் பரவாயில்லையோ அதைத்தான் மாட்டுவார். அழுகை ரீல்.

யாரும் இல்லாத கொட்டகை. மணல் தரையில் முந்தின நாள் கடலைத் தொலி. கதவிடுக்கில் வெயில். அப்பா மேலே தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுவார். நான் கீழே பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து, சத்தம் குறைத்து வைத்த அந்தப் பத்து நிமிஷ அழுகையைப் பார்ப்பேன். யார் செத்தது, ஏன் செத்தது, ஒன்றும் தெரியாது. அழுகை மட்டும் தெரியும். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சரிவது. புறங்கையால் நெற்றியில் அடித்துக்கொள்வது. கத்திக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று சத்தத்தை விழுங்குவது. அந்த விழுங்குகிற இடம்தான் முக்கியம், அங்கேதான் பார்க்கிறவர்கள் முந்தானையை எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் செய்து பார்ப்பேன். அம்மா பார்த்துவிட்டு, "எவ செத்துட்டானு இந்த ஒப்பாரி?" என்று தலையில் தட்டுவாள்.

அந்தக் கோடை லீவில் அம்மாவே செத்துப்போனாள்.

மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தோம், பத்தியம் இருந்து பார்த்தாள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரொம்பத் தாமதம் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினபோது நல்ல வெயில். அம்மாவின் பாதத்தில் பூசியிருந்த மஞ்சளும் உடம்பு மஞ்சளும் ஒரே நிறமாக இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. உங்களிடம் மறைப்பானேன், சத்தியமாக ஒன்றுமே தோன்றவில்லை. காது அடைத்துப்போன மாதிரி இருந்தது.

ஒறம்பரைச் சனமெல்லாம் வந்து இறங்கினார்கள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் என் கால் தானாகக் கட்டிலை நோக்கிப் போனது. கட்டில் காலைப் பிடித்துச் சரிந்தேன். புறங்கையால் அடித்துக்கொண்டேன். கத்தினேன், விழுங்கினேன். பெண்கள் "ஐயோ, எங்கண்ணு" என்று அலறி என்னை அள்ளிக்கொண்டார்கள். ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போனேன். என் ஜடை சரியாக முன்னால் விழுந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். தூ.

அக்கா அழவில்லை. அவளுக்கு எங்கே நேரம்? உபதேசியாரிடம் ஆள் அனுப்பினாள். யார் யாருக்குத் தந்தி அடிப்பது என்று எழுதிக் கொடுத்தாள். சவப்பெட்டிக்கு அம்மாவின் நீளத்தைத் தன் தையல் டேப்பால் அளந்து சொன்னாள். அம்மாவின் மூக்குப் பஞ்சு நழுவினபோது சரிசெய்தாள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாத அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிட்டாள். எனக்கு வாயில் தண்ணீர் ஊற்றினாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்ததும் அம்மாவின் சேலைகளை ஊறவைத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

இதையெல்லாம் அத்தை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அழுதால் எட்டு ஊருக்குக் கேட்கும். அழுகைக்கு நடுவே கண் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். "சேலையத் தொவச்சுப் போடறா பாரு, என்னமோ நோம்பி வந்த மாதர" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அப்போது அத்தையின் மடியில்தான் படுத்திருந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வேப்பமரத்தடியில் அத்தை அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, நான் சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவனுக்கு வேற எடம் பாக்கலாமுன்னு இருக்கறனுங்க."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "என்ன பேசற நீ? கோயில்ல கல்யாண ஓலை எழுதற வரைக்கும் வந்தாச்சே."

"பெத்தவளுக்கே அழுவாதவ, நாளைக்கு என்ற மகன் படுத்துட்டா அழுவாளுங்களா? நான் செத்தா அழுவாளுங்களா? எனக்கு ஈரமுள்ள மருமக வேணுமுங்கணா."

ஏதாவது சண்டைக்காரப் பேச்சாக இருந்திருந்தால் அப்பா எதிர்த்திருப்பார். அத்தை மரியாதையாக, 'ங்க' போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அந்த மரியாதைக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேசிவிட முடியாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். வந்து அக்காவின் மேல் பாய்ந்தார்.

"அழுவறதுக்கு உனக்கென்ன கேடு? நீயெல்லாம் பொட்டப்புள்ளையா? கல்லா?"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். வாரத்துக்கு ஒரு அழுகையைத் தகர டப்பாவில் போட்டு மூடுகிற மனுஷன், மூக்கை உறிஞ்சினால் கை ஓங்குகிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது? எனக்கு அன்றைக்கே இது உறைத்தது. அப்பாவே கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து, கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "அம்மிணி, ஒருக்கா காரமடைக்குப் போயிட்டு வா. அத்த முன்னால ஒரே ஒருக்கா அழுதுபோடு. அவ்வளவுதான். எல்லாஞ் செரியாப் போயிரும்."

அக்கா தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். அந்த ராத்திரி முழுக்கத் தைத்தாள். காலையில், "பாப்பாவையும் கூட்டிட்டுப் போறனுங்க" என்றாள்.

ரெண்டு பஸ் மாறிப் போனோம். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஊதா நிறப் புடவை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அவரைப் பிடிக்கும், எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். மாத நாவல்களை அடுக்கி, மேலே வேட்டித்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். அவரே பறிபோகப் போகிறார் என்றால் அவள் எதையும் செய்வாள் என்றுதான் நினைத்தேன். அழுவதைத் தவிர, என்றும் நினைத்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அத்தை வீட்டில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். காபி வந்தது. அத்தையின் மூத்த மகன் உள்கதவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை, தலையை நிமிர்த்தவும் இல்லை. படத்தில் இப்படி ஒருத்தன் கல்லு மாதிரி நின்றால் நாம் விசில் அடிக்கிறோம், உள்ளுக்குள் எரிமலை என்கிறோம். நான் அவரைப் பார்த்தேன். உள்ளுக்குள் ஒரு மண்ணும் இல்லை, அம்மா சொன்னபடி கேட்பதைத் தவிர.

"சொல்லு அம்மிணி. அண்ணன் எதுக்கோ அனுப்பிச்சாராமா," என்றாள் அத்தை. உதவிக்கு ரெண்டு பக்கத்து வீட்டுக்காரிகளையும் உட்காரவைத்திருந்தாள்.

அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அத்தே... அம்மா..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. கழுத்து ஏறி இறங்கியது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

என்னால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. அவளுக்கு வராது, நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். நான் அழுதால் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆகிவிடும் என்று ஒரு கணக்கு. அது மட்டும்தானா? பக்கத்து வீட்டுக்காரிகள் உட்கார்ந்திருந்தார்களே, அதுவும்தான். "எங்கம்மா!" என்று கத்திக்கொண்டு அத்தையின் காலடியில் சரிந்தேன். நெற்றியில் அடித்துக்கொண்டேன். விழுங்க வேண்டிய இடத்தில் விழுங்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் அழுததில்லை.

அத்தை என்னை அள்ளி எடுத்தாள். "இதுக்குப் பேருதான் ஈரம். பெத்தவள நெனச்சா இப்புடி வரோணும்!" பக்கத்து வீட்டுக்காரிகளும் முந்தானையை எடுத்தார்கள். அக்கா என்னிடம் நகர்ந்து வந்து, தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்து, "அழுவாத கண்ணு, அக்கா இருக்கறனில்ல" என்று முதுகைத் தடவினாள். அவள் கண்ணைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா," என்று அத்தை மெதுவாக மற்ற ரெண்டு பேரிடமும் சொன்னாள். "இப்பக்கூட வரலீங்க அவளுக்கு."

அத்தோடு முடிந்தது. மூத்தவருக்கு அடுத்த தையிலேயே கல்யாணம். பெண் பார்க்கும்போதே அம்மாவைப் பிரிய வேண்டுமே என்று அழுத பெண். அத்தைக்கு ஒரே பூரிப்பு. அந்த ஈரமுள்ள மருமகள் ஒரு வருஷத்தில் தனிக்குடித்தனம் போனாள், இதை நான் சந்தோஷத்தோடுதான் சொல்கிறேன். அக்கா மில் விடுதியில் சேர்ந்து, பிறகு ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டனாகி, கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் இருந்துவிட்டாள். என்னைப் படிக்கவைத்தாள். அப்பா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். அப்பா சாகும்போதும் அவள் அழவில்லை. ஊரார் அன்றும் அதைத்தான் பேசினார்கள்.

எனக்கு இருபத்தொன்று ஆனபோது, அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அத்தை பெண் கேட்டு வந்தாள், இளைய மகனுக்கு. "அன்னைக்கே முடிவு பண்ணிப்போட்டனுங்ணா, இவதான் என்ற ஊட்டுக்குன்னு," என்றாள். அக்காதான் என் கல்யாணத்துக்கு ஜாக்கெட் எல்லாம் தைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன வருஷம் அத்தை போய்ச் சேர்ந்தாள். அக்கா வந்தாள், வந்தவள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் அவளைப் பஸ் ஏற்றிவிட காந்திபுரம் வரை போனேன். நிழலில் நின்றுகொண்டிருந்தபோது, முப்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அம்மா செத்த அன்றைக்கும் அத்தை வீட்டிலும் நான் அழுதது நடிப்பு என்று. அப்பாவின் ரீலில் பார்த்துப் பழகியது என்று. அவள் சாயங்கால ஆட்டம் மட்டும் பார்த்து வளர்ந்ததால்தான், அழாத பெண்களையே பார்த்துப் பார்த்துத்தான் அப்படி ஆகிவிட்டாள் என்று எனக்குத் தோன்றுவதையும் சொன்னேன். இத்தனை வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தது அதுதான்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படத்தப் பாத்தா நான் அழாம இருந்தேன்? கூறு கெட்டவளே. அப்பன் எந்திரிக்க மாட்டீங்கறாரு, நீ உருண்டு பொரண்டு அழுவற. ஆராச்சும் ஒருத்தர் நிக்கோணுமில்ல?"

"அத்த ஊட்டுலயாச்சும் அழுதிருக்கலாமே அக்கா."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "வந்துச்சு கண்ணு. நெசமாலுமே வந்துச்சு. அவரப் பாத்ததும், அம்மான்னு வாயெடுத்ததும், தொண்டை வரைக்கும் வந்துருச்சு. அதுக்குள்ள நீ முந்திக்கிட்டே."

"அப்புறம்?"

"அப்புறமென்ன அப்புறம்? நீ அழுதா நான் எங்க அழுவறது? உன்ற மூக்கத் தொடச்சு உடறதுக்கே செரியாப் போச்சு."

கோபமே இல்லாமல் சொன்னாள். அவளுடைய பஸ் வந்தது. இடம் பிடித்து உட்கார்ந்து, "வெய்யில்ல நிக்காத, போ" என்று கையைக் காட்டினாள். பஸ் திரும்புகிற வரைக்கும் நின்றேன். பிறகு காரமடை பஸ் ஏறி, அவளுக்கென்று பேசி முடித்திருந்த வீட்டுக்குப் போனேன்.